மூன்றாம் வருஷத் தீமிதி

பங்குனி பிறந்தால் திருவண்ணாமலைக்கு வெளியூர்க்காரர்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். உத்திரத்துக்குக் கோயிலில் சுவாமி கல்யாணம், சித்திரையில் வசந்த உற்சவம், சித்ரா பௌர்ணமிக்கு மலை சுற்றுகிற கூட்டம் என்று வெயிலோடு வெயிலாக ஊர் நிரம்பிக்கொண்டே போகும். என் கணவர் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருந்தார். அந்த இரண்டு மாதமும் அவர் வீட்டுக்குச் சாப்பிட வருவதே அபூர்வம்.

அறை எடுத்துத் தங்குகிறவர்கள் அவரிடம் ஒரு கேள்வி தவறாமல் கேட்பார்கள். "கோயில் பாத்தாச்சு, மலை சுத்தியாச்சு. வேற என்ன சார் இருக்கு பாக்க?"

அவர் அதற்காகவே காத்திருந்த மாதிரி சொல்வார்: "எங்க கிராமத்துக்குப் போங்க. கீழ்பென்னாத்தூர் தாண்டி எறங்கணும். அம்மன் கோயில்ல அக்னி வசந்த விழா நடக்குது. பகல்ல பாரதப் பிரசங்கம், ராவுல கூத்து, கடைசி நாளு காலைல படுகளம், சாயங்காலம் தீமிதி. அதைப் பாக்காம போனீங்கன்னா நீங்க இந்தப் பக்கம் வந்ததே வேஸ்ட்டு." எந்த பஸ், எங்கே இறங்கணும், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போட்ட கொல்லைக்கு நடுவில் எந்தப் பாதையில் நடக்கணும் என்று ரசீதுக்குப் பின்னால் படம் போட்டுக் கொடுப்பார். சிலர் போயும் வந்தார்கள். போய் வந்தவர்கள் நெற்றியில் சாம்பலோடு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசினதை நானே பார்த்திருக்கிறேன்.

தன் ஊர்த் திருவிழாவை அவர் இப்படிப் பெருமையாகச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. அந்த நெருப்பில் அவரும் இறங்குகிறவர்.

எங்களுக்கு ஒரே பெண். அவள் அஞ்சாம் வகுப்பு படிக்கும்போது மஞ்சள் காமாலை வந்தது. கண்ணும் நகமும் மஞ்சளாகி, தலையைத் தூக்க முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒரு நாள் மத்தியானம் அவளுக்குப் பேச்சு குழறியது. டாக்டர் எங்களை வெளியே அனுப்பிவிட்டார். என் கணவர் வராந்தா ஜன்னலுக்கு முன்னால் போய், தன் கிராமம் இருக்கும் திசையைப் பார்த்துக் கை கூப்பி நின்றார். பிறகு என்னிடம் வந்து, "மூணு வருஷம் எறங்கறேன்னு வேண்டிக்கினேன்" என்றார். பெண் பிழைத்துவிட்டாள்.

முதல் வருஷம் கூட்டத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தலைகளுக்கு மேலே அவருடைய மஞ்சள் துண்டு மட்டும் போவதைப் பார்த்தேன். இரண்டாம் வருஷம் முன்னாலேயே போய் இடம் பிடித்து நின்றேன். அவர் சாவகாசமாக நடந்து வந்தார். மற்றவர்கள் எல்லாம் ஓட்டமும் நடையுமாகக் கடக்க, இவர் தெருவில் போகிறவர் மாதிரி வந்தார். வெளியே வந்ததும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "பூ மேல நடந்த மாதிரி இருந்துச்சு" என்றார். அதை ஊரே பேசியது. டவுனுக்குப் போயும் அவன் பக்தி குறையவில்லை என்றார்கள். எனக்கும் உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த வருஷம் ஐப்பசியில் அவர் மெலிய ஆரம்பித்தார். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். லாட்ஜில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுகிறார் என்று அங்கே வேலை செய்த பையன்கள் என்னிடம் வந்து சொன்னார்கள். டாக்டரிடம் அழைத்துப் போனேன். சர்க்கரை என்றார். ரொம்ப நாளாகவே இருந்திருக்கிறது, நீங்கள்தான் கவனிக்கவில்லை என்றார்.

பிறகு அவரைக் கட்டிலில் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொன்னார். "உள்ளங்கால்ல ஒரு ஊசியால தொடுவேன். குத்தறது தெரிஞ்சா சொல்லுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் கால்மாட்டில் நின்றிருந்தேன். டாக்டர் குதிகாலில் தொட்டார். நடுவில் தொட்டார். கட்டைவிரலுக்குக் கீழே கொஞ்சம் அழுத்தியே குத்தினார். சிறுவிரல் பக்கம் போனார். அவர் அப்படியே படுத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலேயே சொன்னார்: "ஆரம்பிங்க டாக்டர்."

டாக்டர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. ஊசியைக் கீழே வைத்துவிட்டு, அவரிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னார்: "காலுக்கு உணர்ச்சி போயிடுச்சும்மா. இனிமே வெறுங்கால்ல ஒரு அடிகூட வைக்க விடாதீங்க. புண்ணு வந்தா அவருக்குத் தெரியாது. நீங்கதான் பாக்கணும்."

வீட்டுக்கு நடந்து வரும்போது அவர் சிரித்தார். "ரெண்டு வருஷம் நெருப்புல நடந்த காலு. குண்டூசி குத்தினா தெரியுமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குப் பிடித்த பயம் அடுத்த சித்திரை வரைக்கும் என்னை விடவில்லை. அவர் தூங்கின பிறகு போர்வையை விலக்கிப் பாதத்தைப் பார்ப்பேன். நான் பள்ளிக்கூட டீச்சர்; வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதுதல் போட்டுக்கொண்டிருக்கும்போது சட்டென்று, அவர் செருப்பில் ஆணி எதுவும் முளைத்திருக்குமோ என்று தோன்றும். எல்லாவற்றுக்கும் மேலே, மூன்றாவது தீமிதி பாக்கி இருந்தது.

மாசி முடிவதற்குள் நான் பேச்சை எடுத்தேன். "டாக்டரே சொல்லிட்டாரு. அம்மனுக்குத் தெரியாதா? வேற எதனா நேந்துக்கலாம். மொட்டை போடலாம், பால்குடம் எடுக்கலாம்."

அவர் கோபப்படவில்லை. பொறுமையாகச் சொன்னார்: "மூணு வருஷம்னு வாயால சொன்னேன். ரெண்டோட நிறுத்திட்டேன், நாளைக்கு அவளுக்கு எதனா ஒண்ணு ஆச்சுன்னு வச்சிக்கோ. நீ தாங்குவியா? நான் தாங்குவேனா?"

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. டாக்டர் சொன்னதையும் நான் நம்பினேன்; ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு முன்னால் அவர் நின்ற நிலையையும் நம்பினேன். இரண்டு பயத்துக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டிருந்தேன்.

சித்திரையில் காப்புக் கட்டுகிற நாள் வந்தது. காப்புக் கட்டினவர்கள் மஞ்சள் கயிற்றோடு கோயிலிலேயே தங்க வேண்டும். ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. செருப்புப் போடக் கூடாது. ஒரு வேளைச் சாப்பாடு. எங்கள் பள்ளிக்கூடத்தில் முழுப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. நான் கூடப் போக முடியாது. மாத்திரைகளை வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி, வெல்லமும் பிஸ்கட்டும் வைத்துக் கொடுத்தேன். "தலை சுத்தினா உடனே வாயில போடுங்க. விரதம்னு பாக்காதீங்க."

"சரிங்க டீச்சரம்மா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

அவர் ஊரில் அப்போது போன் கிடையாது. அந்தத் தடத்தில் ஓடுகிற பஸ்ஸின் கண்டக்டர் எங்கள் தெருக்காரர். சாயங்காலம் அந்த பஸ் திரும்பி வரும் நேரத்துக்கு நான் பஸ் ஸ்டாண்டில் போய் நிற்பேன். அந்த நாட்களில்தான் சித்ரா பௌர்ணமி. ஊர் முழுக்க ஜனம். மூட்டையும் குழந்தையுமாக அவர்கள் மலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்க, நான் மட்டும் எதிர்ப்பக்கமாக முட்டி மோதிக்கொண்டு போவேன். கண்டக்டர் படியில் நின்றபடியே சொல்வார்: "சார் நல்லா இருக்காரும்மா. கோயில் வாசல்ல உக்காந்து பிரசங்கம் கேட்டுனு இருந்தாரு." அதைக் கேட்டால் அன்றைய சோறு இறங்கும்.

ஒரு நாள் கண்டக்டர், "இன்னிக்குப் பாக்கலம்மா" என்றார்.

"கோயில்ல இல்லயா?"

"வாசல்ல இல்ல. உள்ள படுத்துனு இருக்காருன்னு யாரோ சொன்னாங்க."

படுத்திருந்தார் என்றால் தூக்கமா, மயக்கமா? பகலில் எதற்குப் படுக்க வேண்டும்? வெல்லத்தை வாயில் போட்டாரா, விரதம் என்று வைத்துவிட்டாரா? மறுநாள் காலையில் பரீட்சை மேற்பார்வை. கேள்வித்தாளை இரண்டு வகுப்புக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன். பிள்ளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. சாயங்காலம் கண்டக்டர் பஸ் நிற்பதற்கு முன்பே கையை ஆட்டினார். "கூத்துப் பாத்துட்டுத் தூங்கியிருக்காரும்மா. இன்னிக்குச் சிரிச்சுப் பேசினாரு."

வீட்டில் என் பெண் இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்போது ஏழாம் வகுப்பு முழுப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்: "அப்பா எனக்காகத்தானே எறங்கறாரு?"

"ஆமா."

"அவருக்குக் கால் தெரியாதுன்னு அம்மனுக்கு யாராச்சும் சொன்னாங்களா?"

சாப்பிடு என்று மட்டும் சொன்னேன்.

கடைசி நாள் முதல் பஸ்ஸைப் பிடித்தோம். உள்ளே நிற்க இடமில்லை. கூரையிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் போய்ச் சேரும்போது படுகளம் தொடங்கியிருந்தது. கோயிலுக்கு எதிரே திடலில், பாரதப் போரில் விழுந்த ராஜாவின் மண் உருவம் ஒரு வீடு நீளத்துக்கு மல்லாந்து கிடந்தது. கூத்துக்காரர்கள் அதைச் சுற்றி ஓட, பெண்கள் முந்தானையில் அந்த மண்ணை எடுக்கத் தள்ளிக்கொண்டு நின்றார்கள். ஊரில் எல்லார் வீட்டிலும் அன்றைக்கு வெளியூர் ஜனம். வளையல் கடை, சோடாக் கடை, ராட்டினம். வேறு வருஷமாக இருந்தால் நான் ஒவ்வொன்றாக நின்று பார்த்திருப்பேன்.

அவரே எங்களைப் பார்த்துவிட்டு வந்தார். மஞ்சள் வேட்டி, தாடி, எலும்பாகிப்போன தோள். கம்பு அறுத்துவிட்ட கொல்லையில் வெறுங்காலோடு வேக வேகமாக நடந்து வந்தார். அந்தத் தாள்கட்டைகளில் செருப்புக் காலோடு நடந்த எனக்கே குத்தியது. நான் முதலில் பாதத்தைத்தான் பார்த்தேன். படுகளத்துக்கு மண் குழைத்ததில் முழங்கால் வரைக்கும் சேறு பூசிக் காய்ந்திருந்தது. ஒன்றும் தெரியவில்லை.

"நல்லா இருக்கேன், பாரு. ஒரு நாளும் மயக்கம் வரல" என்றார்.

காப்புக் கட்டினவர்கள் சாயங்காலம் வரை கோயிலில்தான் இருக்க வேண்டும் என்றாலும், மோர் குடிக்க வீட்டுக்கு வந்து போகலாம். அவருடைய தம்பி வீடு கோயிலுக்குப் பின்தெருவில் இருந்தது. தம்பி மனைவி நிறைமாதம். அதனால் அந்த வருஷம் தம்பி எந்த வேண்டுதலும் வைக்கவில்லை. மனைவி வயிற்றுப் பிள்ளையோடு இருக்கும்போது புருஷன் நெருப்பில் இறங்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். வாசலில் கால் கழுவிக்கொண்டு உள்ளே போனோம். அவர் நேரே மண்பானை இருக்கும் மூலைக்குப் போய் மோர் மொண்டு குடித்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, யாருக்குக் கால்ல ரத்தம்?" என்றாள் என் பெண்.

புதிதாகப் பூசின சிமெண்டுத் தரை. வாசலிலிருந்து பானை வரைக்கும், பானையிலிருந்து திரும்பவும், குங்குமப் பொட்டு மாதிரி இடைவெளி விட்டு இடைவெளி விட்டு ரத்தம் பதிந்திருந்தது. நாங்கள் எல்லோரும் அவரவர் காலைத் தூக்கிப் பார்த்தோம். அவர் தன் காலைப் பார்க்கவில்லை. பெண்ணின் காலைப் பிடித்துத் திருப்பி, "முள்ளு குத்திச்சாம்மா?" என்று தேடினார்.

"உங்க காலைக் காட்டுங்க" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லயே."

"காட்டுங்க."

வலது பாதத்தை எடுத்து என் மடியில் வைத்தேன். கட்டைவிரலுக்குக் கீழே, சதை தடித்த இடத்தில், சோடா பாட்டில் கண்ணாடி ஒரு சில்லு உள்ளே இறங்கியிருந்தது. சுற்றிலும் வீங்கியிருந்தது. புண்ணின் வாய் வெளுத்திருந்தது; அன்றைக்குக் குத்தினது மாதிரி தெரியவில்லை. நகத்தால் பிடித்தேன், வழுக்கியது. தம்பி மனைவி ஊக்கு கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் கொதிதண்ணீரில் போட்டு எடுத்து, நெம்பி இழுத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னுடைய கால் வலிக்கிறதா என்று என் முகத்தில் பார்த்துத் தெரிந்துகொள்கிற மாதிரி இருந்தது அது.

சில்லு வெளியே வந்தது. கூடவே கொஞ்சம் சீழ்.

"வலிக்குதா?"

"இல்ல."

அந்தச் சில்லை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "எப்பக் குத்திச்சுன்னே தெரியலயே" என்றார். பிறகு, "நேத்தா இருக்குமா? முந்தா நேத்து சாமியோட ஊர் சுத்தினோம், அப்பவா?" என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்?

சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "அப்ப போன வருஷம் எனக்குச் சுடாதது..." அதை முடிக்கவில்லை. முடிக்க வேண்டாம் என்று எனக்கும் இருந்தது. அவருடைய முகம் அப்படி விழுந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

வெளியே மேளம் கேட்டது. அக்னி குண்டத்துக்குக் கட்டை அடுக்கிக் கற்பூரம் ஏற்றிவிட்டார்கள். ஜன்னல் வழியாகப் புகை வாசனை வந்தது.

"இந்தப் புண்ணோட நீங்க எறங்கக் கூடாது" என்றேன்.

தம்பி வாசலில் நின்றிருந்தார். அவரும் பயந்துதான் போயிருந்தார். "நீங்க சொல்றது சரிதான் அண்ணி. ஆனா காப்புக் கட்டிட்டு எறங்காம போனா... அம்மனுக்குக் கடனாயிடுமே. நானும் எறங்க முடியாது, பாக்கறீங்க இல்ல" என்று மனைவியைக் காட்டினார்.

அப்போது என் பெண் எழுந்து நின்றாள்.

"நான் எறங்கறேன்ப்பா. எனக்குத்தானே வேண்டிக்கினீங்க. என் காலுக்குத்தான் எல்லாம் தெரியுதே."

சும்மா சொல்லவில்லை அவள். பஸ்ஸில் வரும்போதே, இல்லை, அதற்கும் முன்னாலேயே அவள் இதைத் தீர்மானித்திருக்கிறாள் என்று அந்தக் குரலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அவர், "வாயை மூடு!" என்று கத்தினார். பெண்ணிடம் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவள் அசையவில்லை. அப்பா இறங்கினால் இவள் பின்னாலேயே ஓடிவிடுவாள், அவர் இறங்காவிட்டால் யாருக்கும் தெரியாமல் வரிசையில் போய் நின்றுவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது.

"நான் எறங்கறேன்" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

தம்பி ஓடிப்போய்ப் பூசாரியை அழைத்து வந்தார். பூசாரி புண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "காப்புக் கட்டின நாள்லருந்து வீட்ல கறி, மீனுன்னு கவிச்சி எதனா ஆக்கினீங்களா?"

"இல்லைங்க."

"இன்னிக்கு எதனா சாப்ட்டீங்களா?"

"காலைலருந்து ஒண்ணும் சாப்டல."

"அப்ப கெணத்துல குளிச்சிட்டு ஈரத்தோட வாங்க. பொம்பளைங்களும் எறங்கறாங்க. வீட்டுக்காரருக்குப் பதிலு வீட்டுக்காரம்மா, தப்பில்ல." அவருக்கு அன்றைக்கு ஆயிரம் வேலை. சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார்.

குளித்து வந்ததும் என் கணவர் கோயில் வாசலில் வைத்துத் தன் கைக் காப்பை அவிழ்த்தார். பூசாரி அதை வாங்கி என் கையில் கட்டினார். என் கணவர் தாழ்ந்த குரலில் கேட்டார்: "உனக்கு எதனா ஆயிட்டா?"

"எனக்குச் சுட்டாத் தெரியும். தெரிஞ்சா ஓடிடுவேன்" என்றேன். தைரியமாகச் சொன்ன மாதிரி இருந்திருக்கும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த மத்தியானம் மாதிரி நீளமான பொழுதை நான் கண்டதில்லை. மற்ற பெண்களோடு கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தேன். கட்டை எரிந்து இறங்க இறங்க ஜனம் கூடிக்கொண்டே போனது. திருத்தாத விடைத்தாள்கள் மேஜையில் இருப்பது ஞாபகம் வந்தது. எனக்கு ஏதாவது ஆனால் அதை யார் திருத்துவார்கள் என்றுகூட நினைத்தேன். அம்மனை நினைக்க முயன்றால் ஊக்கும் சீழும்தான் கண்ணுக்கு வந்தது. என் பெண்ணைக் கண் எதிரிலேயே உட்கார வைத்திருந்தேன். அவள் எழுந்தால் நானும் எழுந்தேன்.

வெயில் சாயும்போது நீளக் கழிகளால் கங்குகளைப் பரத்தினார்கள். தள்ளி நின்ற எங்கள் முகத்தில் அனல் அடித்தது. சாமி வந்து குண்டத்துக்கு எதிரே நின்றது. பூசாரி கரகத்தோடு முதலில் இறங்கி ஓடினார். பிறகு ஆண்கள். எனக்கு முன்னால் என் வயதுக்காரி ஒருத்தி நின்றிருந்தாள். நான் நடுங்குவதைப் பார்த்திருக்க வேண்டும். "கீழ பாக்காத, நிக்காத. என் முதுகைப் பாத்துக்கினே வா" என்றாள். அவளுடைய ரவிக்கையின் முதுகுப் பக்கம் வியர்வையில் ஒட்டியிருந்தது. நான் அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டே காலை வைத்தேன்.

முதல் அடியில் ஒன்றும் தெரியவில்லை. மத்தியான வெயிலில் கோயில் பிரகாரத்துக் கல்லில் நடப்பது போலத்தான் இருந்தது. அடுத்த அடியும் அப்படியே. பிறகு இடது குதிகாலில் ஏதோ கடித்தது. கடித்து, பிடித்துக்கொண்டு விடவே இல்லை. வாய்விட்டுக் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். மேளச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. முன்னால் போன முதுகு ஓடியது, நானும் ஓடினேன். கால் சட்டென்று குளிர்ந்தது. குண்டத்தின் முடிவில் பாலும் தண்ணீரும் ஊற்றியிருந்த குழியில் நின்றுகொண்டிருந்தேன். என் பெண் வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

அவரைத் தேடினேன். புண்ணுக்குக் கட்டின துணிக்குமேல் தம்பியின் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்ததால் அவரால் பக்கத்தில் வர முடியவில்லை. கயிறு கட்டின எல்லைக்கு வெளியே, ராட்டினத்துக்குப் பக்கத்தில் தனியாக நின்று, கை இரண்டையும் தலைக்குமேல் கூப்பியிருந்தார்.

மறுநாள் காலையில் திருவண்ணாமலையில் அதே டாக்டர். இரண்டு பேரும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் காலைப் பார்த்ததும் டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "நெருப்பு மிதிச்சீங்களா? அவ்வளவு சொல்லியும்?"

"நான் இல்ல டாக்டர். இவங்க."

டாக்டர் என் குதிகாலைத் திருப்பிப் பார்த்தார். கொப்புளம் ஒரு ரூபாய்க் காசு அளவு இருந்தது. மருந்து எழுதினார். பிறகு அவர் காலுக்குத் திரும்பி, புண்ணைக் கத்தியால் திறந்து சுத்தம் செய்தார். அந்தக் காலோடு கங்கில் இறங்கியிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டியிருந்திருக்கும் என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

என் கொப்புளம் ஒரு வாரத்தில் தோல் உரிந்து ஆறிவிட்டது. அவருடையது ஆறவில்லை. வைகாசியில் காய்ச்சல் வந்தது. கட்டைவிரல் ஓரம் கறுக்க ஆரம்பித்தது. எடுக்க வேண்டியிருக்குமோ, பார்க்கலாம் என்றார் டாக்டர். சர்க்கரைக்குத் தானே ஊசி போட்டுக்கொள்ளப் பழகினார். ஒவ்வொரு நாளும் கட்டைப் பிரிக்கும்போது என்ன நிறத்தில் இருக்குமோ என்று முதலில் ஒரு கண்ணால்தான் பார்ப்பேன். லாட்ஜில் ஸ்டூல்மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பார்க்க வேற என்ன இருக்கு என்று கேட்டவர்களுக்கு, கோயில் ஆயிரங்கால் மண்டபத்தைப் பாருங்க என்று மட்டும் சொன்னார் என்று பையன்கள் சொன்னார்கள்.

ஆனியில் கறுப்பு பின்வாங்கியது. ஆடியில் புண் வாய் மூடியது. விரல் தங்கிவிட்டது.

கடைசியாகக் கட்டைப் பிரித்த அன்றைக்கு, நான் பஞ்சையும் துணியையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அதுவரைக்கும் அவர் தீமிதியைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. நானும் கேட்கவில்லை.

"அன்னிக்கு உனக்குச் சுட்டுச்சா?" என்றார்.

"சுட்டுச்சு."

"ஜாஸ்தியா?"

"ஆமா. கத்திட்டேன்."

தலையை ஆட்டினார். வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மொத வருஷம் எனக்கும் சுட்டுச்சு. உயிர் போச்சு. நமக்கு பக்தி கம்மி போலன்னு யார்கிட்டயும் சொல்லல. ரெண்டாவது வருஷம் சுடாம போனதும்தான் எனக்கு அவ்வளவு சந்தோஷம்."

நான் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.